சொந்தமாக எழுதிய பார்சர் ஜெனரேட்டரில் அடுத்து எதைச் செய்வது?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். படிக்கும் காலத்தில் எழுதிய எல்ஏஎல்ஆர்(1) பார்சர் ஜெனரேட்டர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஒரு மொழியின் இலக்கணத்தைக் கொடுத்தால், அந்த மொழியில் எழுதியதைப் படித்து மரமாக்கும் பார்சர் நிரலை அது உருவாக்கித் தரும்; அதற்கான அட்டவணையைத் தயாரிக்கும் முறைதான் எல்ஏஎல்ஆர்(1). இப்போது முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அனுப்பிய புகார்களும் நீங்கள் செய்ய ஆசைப்படும் மேம்பாடுகளும் ஒரே பட்டியலில் குவிந்துவிட்டன: ஜிஎல்ஆர் என்ற பார்சிங் முறைக்கு மாறுவது, இல்லையென்றால் பெக் என்ற இன்னொரு முறைக்கே தாவிவிடுவது, நல்ல பிழைச் செய்திகள், யூனிகோட், எடிட்டரில் தட்டத் தட்டப் பார்ஸ் செய்வது, கோ, ரஸ்ட் மொழிகளில் வெளியீடு, அட்டவணை உருவாக்கும் வேகம். "எதை முதலில் எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியலை இரண்டு முறை படித்தபோது அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. இவற்றில் எதெல்லாம் முடித்து மூடக்கூடிய வேலை, எதெல்லாம் எத்தனை வருடம் உழைத்தாலும் மூட முடியாத வேலை? அது தெளிவானால் வரிசை தானாக அமைந்துவிடும்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக நிறுவனங்களுக்குள் மட்டும் புழங்கும் சின்னச் சின்ன மொழிகளுக்குப் பார்சர் எழுதுகிறேன். அதில் ஆறு வருடம் ஒரு ஜெனரேட்டரையே பராமரித்தேன். எல்ஏஎல்ஆரும் ஜிஎல்ஆரும் அடங்கிய எல்ஆர் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. எடிட்டர் பார்சிங்கை வெளியிலிருந்து பயன்படுத்தியிருக்கிறேன், உள்ளே போய் எழுதியதில்லை. அந்த இடம் வரும்போது அதற்கேற்ற எடை கொடுத்துப் படியுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது உங்கள் பட்டியலின் கடைசியில் கிடக்கிறது. ஒரு பயனர் "நிலை 87: 1 ஷிஃப்ட்/ரெட்யூஸ் மோதல், டோக்கன் எல்ஸ்" என்ற வரியை ஒட்டி, "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு வருடமாகப் பதில் இல்லை. (டோக்கன் என்பது உள்ளீட்டின் ஒரு சொல் அளவுத் துண்டு. அடுத்த டோக்கனை உள்ளே எடுப்பது ஷிஃப்ட், படித்தவற்றை ஒரு விதியாகச் சுருக்குவது ரெட்யூஸ். இரண்டும் பொருந்தினால் மோதல்.) என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அவசரம். அல்காரிதத்துக்குச் சக்தி போதவில்லை என்று ஜெனரேட்டரைக் கைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கருவி என்ன சொல்கிறது என்று புரியாமல் கைவிட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இது கணக்கெடுத்துச் சொல்வதில்லை, என் அனுபவம்தான். ஆனால் எனக்கு இதில் சந்தேகம் குறைவு.

நிலை 87 என்பது உங்கள் நிரலின் உள்விவகாரம். பயனர் எழுதியது இலக்கணத்தை, நிலைகளை இல்லை. அவருக்குக் காட்ட வேண்டியது இந்த மாதிரி ஒரு வரி (நி என்பது நிபந்தனை, வா என்பது வாக்கியம்):

இஃப் நி தென் இஃப் நி தென் வா • எல்ஸ் வா

புள்ளி வரை படித்தாயிற்று, அடுத்து எல்ஸ் நிற்கிறது. அதை உள்ளே இருக்கும் இஃபோடு சேர்த்தால் ஒரு மரம், வெளியே இருக்கும் இஃபோடு சேர்த்தால் இன்னொரு மரம். இரண்டு மரத்தையும் அடைப்புக்குறி போட்டு அடுத்தடுத்த வரியில் காட்டிவிட்டால் போதும், எந்தப் பயனரும் பத்து நொடியில் புரிந்துகொள்வார். அல்கால் 60 காலத்திலிருந்து எல்லோரும் இடறும் கல் இது. யாக், பைசன் என்ற பிரபல ஜெனரேட்டர்கள் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையோடு ஷிஃப்ட்டைத் தேர்ந்துவிடுகின்றன, அதனால் எல்ஸ் உள் இஃபோடு போகிறது. பெரும்பாலான மொழிகளுக்கு அதுதான் வேண்டும். இப்படி எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை ஒன்றைக் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2015-ல் வெளியிட்டார்கள். பைசன் 3.7 அதை 2020-ல் சேர்த்துக்கொண்டது. யாக் வந்தது 1970-களில். நாற்பது வருடத்துக்கும் மேலாக உலகமே நிலை எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால், உங்கள் இரண்டு வருடத் தாமதம் பெரிய குற்றமில்லை.

சரி, இதில் எது நிச்சயம், எது முடியாது? ஒரு இலக்கணத்துக்கு இருபொருள் உண்டா, அதாவது ஒரே வாக்கியம் இரண்டு மரமாக வருமா என்பதை எல்லா இலக்கணத்துக்கும் பதில் தரும்படி கண்டறியும் நிரல் எழுத முடியாது. 1960-களின் தொடக்கத்திலேயே நிரூபித்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள "இருபொருளைத் தானாகக் கண்டறிய வேண்டும்" என்ற புகாரைக் காரணம் எழுதி மூடிவிடுங்கள். எடுத்துக்காட்டுத் தேடல் செய்யக்கூடியது அதைவிடச் சின்ன வேலை. ஒவ்வொரு மோதலுக்கும் சில நொடி தேடும். ஒரே வாக்கியம் இரண்டு மரமாக வந்தால் அதைக் காட்டும். கிடைக்காவிட்டால், புள்ளி வரை ஒன்றாக இருந்து அதன் பிறகு பிரியும் இரண்டு வாக்கியங்களைக் காட்டும். இந்த இரண்டாவது வகையைக் காட்டும்போது, இது இருபொருளாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, அல்காரிதத்தின் பார்வை போதாமலும் இருக்கலாம் என்று வெளிப்படையாக ஒரு வரி சேருங்கள். இல்லையென்றால் பயனர் இல்லாத இருபொருளைத் தேடி ஒரு வாரம் வீணடிப்பார்.

அந்த "பார்வை போதாமை" எல்ஏஎல்ஆரில் ஒரு தனி ரகம். உங்கள் பட்டியலில் மூன்று பேர் வெவ்வேறு வார்த்தையில் புகார் செய்திருப்பது இதைத்தான் என்று சந்தேகிக்கிறேன். ஒரு சின்ன இலக்கணத்தை எடுங்கள். தொடர் என்பது "அ க ஈ", "ஆ ச ஈ", "அ ச உ", "ஆ க உ" என்ற நான்கில் ஒன்று. க என்பதும் ச என்பதும் தனித்தனி விதிகள், ஆனால் இரண்டுமே வெறும் "இ" என்ற டோக்கன்தான். "அ இ" படித்த பிறகு அடுத்து ஈ வந்தால் அது க, உ வந்தால் ச. "ஆ இ" படித்திருந்தால் தலைகீழ். இதில் இருபொருளே கிடையாது, எல்ஏஎல்ஆருக்கு மூலமான முழு எல்ஆர்(1) முறை இதைச் சிரமமில்லாமல் பிரித்துவிடும். ஆனால் எல்ஏஎல்ஆர், உள்ளே ஒரே விதிகள் இருக்கின்றன என்பதற்காக இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஒட்டிய பிறகு அ வழியாக வந்தோமா ஆ வழியாக வந்தோமா என்பது மறந்துபோகும். ஈ வந்தாலும் உ வந்தாலும் க, ச இரண்டுமே பொருந்துகிற மாதிரி தெரியும். பயனருக்கு ஒரு ரெட்யூஸ்/ரெட்யூஸ் மோதல் காட்டப்படும், அவர் இலக்கணத்தில் எவ்வளவு தேடினாலும் தப்பு கிடைக்காது. பைசன் கையேடே இதற்கு "மர்மமான மோதல்" என்று பெயர் வைத்திருக்கிறது.

இது ஏன் இப்படி இருக்கிறது என்றால், கணினி அறிஞர் நூத் 1965-ல் எல்ஆர் முறையைச் சொன்னபோது அதன் அட்டவணை அந்தக் காலத்து இயந்திரங்களுக்குத் தாங்காது. டிரீமர் 1969-ல் எல்ஏஎல்ஆரைக் கொண்டுவந்தது அந்த நெருக்கடிக்கு. நெருக்கடி போய் வெகுகாலம் ஆகிறது, சமரசம் மட்டும் நின்றுவிட்டது. ஆகவே முழு எல்ஆர்(1) வசதியைச் சேர்ப்பது முடிக்கக்கூடிய வேலை, பயனும் உடனே தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை. மோதல் இல்லாத இலக்கணங்களுக்கு இந்த மாற்றம் ஏற்கும் மொழியை மாற்றாது. மோதலை முன்னுரிமை அறிவிப்பால் (எந்த டோக்கன் முந்தும் என்று இலக்கணத்தில் எழுதுவது) தீர்த்து வைத்திருக்கும் இலக்கணங்களில் மாற்றலாம், ஏனென்றால் ஒட்டிய நிலையில் எடுத்த முடிவும் ஒட்டாத நிலையில் எடுக்கும் முடிவும் வேறாக இருக்க முடியும். பைசன் 2.5, 2011-ல் ஐஇஎல்ஆர் என்ற முறையைச் சேர்த்ததற்குக் காரணமே இதுதான்: அட்டவணை கிட்டத்தட்ட எல்ஏஎல்ஆர் அளவில் இருக்க வேண்டும், நடத்தை முழு எல்ஆர்(1) போலவே இருக்க வேண்டும். நீங்கள் நேரடியாக ஐஇஎல்ஆருக்குப் போக வேண்டாம், அந்தக் கட்டுரை லேசுப்பட்டதில்லை. முதலில் சாதா எல்ஆர்(1)-ஐ ஒரு விருப்பத்தேர்வாகக் கொடுங்கள். இயல்பிருப்பை மாற்றுவது அடுத்த பெரிய பதிப்புக்கு.

முன்னுரிமை என்று வந்துவிட்டது, அதனால் என் தலையில் விழுந்த ஒரு கதை. நாங்கள் பராமரித்த அறிக்கை மொழியில் "காட்டு" என்று ஒரு கட்டளை உண்டு, பின்னால் ஒரு கோவை (அ + ஆ மாதிரி ஒரு கணக்கு) வரும். வாக்கியங்களுக்கு நடுவில் பிரிப்பான் எதுவும் கிடையாது, வரி உடைப்பையும் லெக்சர் (உள்ளீட்டை டோக்கன்களாக வெட்டும் பகுதி) விழுங்கிவிடும். பிறகு "- பெயர்" என்றால் அந்தப் பெயர்கொண்ட நெடுவரிசையை நீக்கு என்று ஒரு புது வாக்கியம் சேர்த்தோம். உடனே ஒரு மோதல் எச்சரிக்கை வந்தது. நான் "காட்டு" டோக்கனை முன்னுரிமைப் பட்டியலில் கழித்தல் குறிக்குக் கீழே போட்டேன். எச்சரிக்கை போய்விட்டது, சோதனைகள் எல்லாம் பச்சை. எட்டு மாதம் கழித்து ஒரு அறிக்கையில் தொகை தப்பாக வந்தது. ஒரு வரியில் "காட்டு மொத்தம்", அடுத்த வரியில் "- பழையது" என்று எழுதியிருந்தார்கள். பார்சர் அதை "மொத்தம் கழித்தல் பழையது" என்று ஒரே கோவையாகப் படித்துக் கழித்துக் காட்டியிருக்கிறது. நான் தீர்த்ததாக நினைத்தது மோதலை இல்லை, எச்சரிக்கையை மட்டும்தான்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு மேம்பாடு, பட்டியலில் இல்லாதது: முன்னுரிமையால் தீர்க்கப்பட்ட ஒவ்வொரு மோதலையும், தீர்க்கப்படாததைப் போலவே எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு பட்டியலிடும் ஒரு கட்டளை. பைசனின் அறிக்கைக் கோப்பில் எந்த விதிக்கும் எந்த டோக்கனுக்கும் நடந்த மோதல் எப்படித் தீர்ந்தது என்ற வரி இருக்கிறது, ஆனால் நிலைகளுக்கு நடுவில் புதைந்திருப்பதால் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. நீங்கள் "காட்டு மொத்தம் • - பழையது" என்று முகத்துக்கு நேரே காட்டினால் என்னைப் போன்ற ஆசாமிகள் தப்பிப்பார்கள். அதோடு, "இத்தனை மோதல் எதிர்பார்க்கிறேன்" என்று எண்ணிக்கையை மட்டும் அறிவிக்கும் வசதி உங்கள் கருவியில் இருக்கிறதே, அதை அப்படியே விடாதீர்கள். ஒரு பழைய மோதல் போய் ஒரு புது மோதல் வந்தால் எண்ணிக்கை மாறாது, கருவியும் வாயைத் திறக்காது. எந்த விதியில் எதிர்பார்க்கிறோம் என்று விதிக்குப் பக்கத்திலேயே குறிக்கும்படி செய்யுங்கள். பைசன் இப்போது அதை அனுமதிக்கிறது.

அடுத்தது பிழைச் செய்திகள். இலக்கணம் எழுதுபவருக்கான செய்தியைப் பற்றி இதுவரை பேசினோம், இனி அந்த மொழியில் எழுதுகிற கடைசிப் பயனருக்கானது. உங்கள் புகார்களில் ஒன்று "எதிர்பார்த்த டோக்கன்கள் பட்டியல் பொய் சொல்கிறது" என்கிறது. அவர் சொல்வது சரி, காரணமும் தெரிந்ததுதான். கூட்டல், பெருக்கல், அடைப்புக்குறி உள்ள சாதாரண இலக்கணத்தில் "( அ + ஆ ;" என்று உள்ளீடு வருகிறது என்று வையுங்கள். ஆ-வுக்குப் பின்னால் பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ மூடும் அடைப்போ வரலாம். ஆனால் அட்டவணையைச் சின்னதாக்க, "வேறு எது வந்தாலும் ரெட்யூஸ் செய்" என்று இயல்பு ரெட்யூஸ் வைத்திருப்பீர்கள். அரைப்புள்ளி தப்பு என்று தெரிவதற்குள் பார்சர் "அ + ஆ" முழுவதையும் ஒரே கோவையாகச் சுருக்கிவிடும். அந்த நிலையிலிருந்து பார்த்தால் கூட்டலும் மூடும் அடைப்பும்தான் தெரியும், பெருக்கல் காணாமல் போயிருக்கும். சரி, இயல்பு ரெட்யூஸை எடுத்துவிடலாம் என்றால் எதிர்ப்பக்கப் பொய் வரும். எல்ஏஎல்ஆர் ஒட்டிய நிலையில் வேறு சூழலுக்குரிய டோக்கன்களும் கலந்திருப்பதால், அடைப்புக்குள் நிற்கும்போதே அரைப்புள்ளியையும் எதிர்பார்ப்பதாகச் சொல்லும்.

இதற்குத் தீர்வு நேரடியானது. புது டோக்கன் கைக்கு வந்ததும், பார்சர் படித்தவற்றை அடுக்கி வைத்திருக்கும் ஸ்டாக்கின் நகலில் அதை உண்மையில் ஷிஃப்ட் செய்ய முடிகிறதா என்று ஒத்திகை பார்ப்பது. முடியாவிட்டால் ஒரு ரெட்யூஸும் செய்யாமல் அங்கேயே நிற்பது. பிழை என்று தெரிந்ததும் எல்லா டோக்கன்களையும் அதே ஒத்திகையில் ஓட்டி, தேறுபவற்றை மட்டும் பட்டியலிடுவது. பைசனில் இதுவும் 2.5 பதிப்பிலேயே வந்தது. எங்கள் கருவியில் நான் இதை எழுத எடுத்த நேரம் இரண்டு நாள், நிரல் நூறு வரிகூட வராது. செலவுக்கும் பலனுக்கும் இவ்வளவு நல்ல விகிதம் உங்கள் பட்டியலில் வேறு எதற்கும் இல்லை.

பட்டியல் சரியாக வந்த பிறகும், "கூட்டல் அல்லது பெருக்கல் அல்லது மூடும் அடைப்பு எதிர்பார்க்கப்பட்டது" என்பது மனிதர் பேசும் மொழியில்லை. இங்கே தானியங்கி வழியில் நல்ல விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெற்றி கண்டவர்கள் எல்லோரும் கையால் எழுதியிருக்கிறார்கள், கருவி அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஓகேமல் மொழி உலகின் மென்ஹிர் என்ற ஜெனரேட்டர், பிழையான வாக்கியங்களையும் அவற்றுக்கான செய்தியையும் ஒரு தனிக் கோப்பில் எழுதவிட்டு, பிழை நிகழக்கூடிய எந்த நிலைக்குச் செய்தி எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்பதைச் சரிபார்த்துச் சொல்கிறது. பைத்தான் 3.9-ல் பார்சர் மாறிய பிறகு, மக்கள் வழக்கமாகச் செய்யும் தப்புகளையே இலக்கண விதிகளாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் ஓட்டத்தில் அந்த விதிகளைத் தொடுவதில்லை. அது தோற்றால் மட்டும் இரண்டாவது ஓட்டத்தில் இயக்குகிறார்கள். 3.10-ல் "இந்த அடைப்பு மூடப்படவே இல்லை" என்ற ரகச் செய்திகள் வந்து எல்லோரும் மகிழ்ந்தது நினைவிருக்கும். உங்கள் கருவிக்கு மென்ஹிர் வழி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பிழையிலிருந்து மீண்டு தொடர்வது வேறு விஷயம், அதில் என் உறுதி குறைவு. யாக் காலத்துப் பழைய முறை: பிழை டோக்கன் உள்ள விதி கிடைக்கும் வரை ஸ்டாக்கை உதிர்ப்பது, பொருந்தும் டோக்கன் வரும் வரை உள்ளீட்டைத் தள்ளிவிடுவது, மூன்று டோக்கன் ஒழுங்காக ஷிஃப்ட் ஆகும் வரை அடுத்த செய்தியை அடக்குவது. ஒரு தப்புக்கு ஐந்து செய்தி வரும் கூத்து இதனால்தான். 2020-ல் வந்த சிபிசிடி+ என்ற முறை, மிகக் குறைந்த செலவில் உள்ளீட்டைச் சரிசெய்யும் எல்லா வழிகளையும் தேடுகிறது. பிழையுள்ள 2,00,000 ஜாவா நிரல்களில் அரை நொடி வரம்புக்குள் 98.37% கோப்புகளை அது சரிசெய்ததாக அந்த ஆய்வு சொல்கிறது. பழைய முறை அதே கோப்புகளில் 9,81,628 இடங்களைப் பிழை என்று காட்டியபோது இது 4,35,812 இடங்களோடு நிறுத்திக்கொண்டது. எண்கள் கவர்ச்சியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது ஜாவா, மாணவர்கள் எழுதிய நிரல். உங்கள் பயனர்கள் எழுதும் இருபது வரி உள்ளமைவுக் கோப்புகளுக்கு, முதல் பிழையைத் துல்லியமாகச் சொல்லி நின்றுவிடுவதே போதும் என்பது என் கணிப்பு. இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள்.

ஜிஎல்ஆர், பெக் இரண்டையும் சேர்த்தே பேசிவிடலாம், ஏனென்றால் இரண்டையும் நீங்கள் ஒரே ஆசையில் கேட்கிறீர்கள்: மோதல் எச்சரிக்கையே வராமல் இருக்க வேண்டும். எச்சரிக்கை வராது, உண்மை. மோதல் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. ஜிஎல்ஆரில் அது இயங்குநேரத்துக்குப் போகிறது. இரண்டு வழியையும் இணையாக ஓட்டி, இரண்டும் பிழைத்தால் எதை வைத்துக்கொள்வது என்று நீங்கள் அங்கே முடிவு செய்ய வேண்டும். சி++ மாதிரி, ஒரே வரி அறிவிப்பாகவும் இருக்கலாம் கோவையாகவும் இருக்கலாம் என்ற மொழிகளுக்கு அது அவசியம். பெக்கில் மோதல் எங்கும் போவதில்லை, மௌனமாகிவிடுகிறது. எழுதிய வரிசையில் முதலில் பொருந்துவதையே அது எடுத்துக்கொள்ளும். விதியில் "<" முதலிலும் "<=" அடுத்ததாகவும் எழுதினால், இரண்டாவது என்றைக்கும் பொருந்தாது. முதலாவது "<" வரை விழுங்கி வெற்றி என்று சொல்லிவிடும், மிச்சமுள்ள "=" எங்கோ போய் வெடிக்கும். எந்த எச்சரிக்கையும் கிடையாது.

பைத்தான் பெக்குக்கு மாறியது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் விட்டுவந்தது எல்எல்(1), அதாவது அடுத்த ஒரே டோக்கனைப் பார்த்து எந்த விதி என்று முன்கூட்டியே முடிவெடுக்கும் முறை; உங்களிடம் இருப்பது எல்ஆர். எல்எல்(1)-ல் இடப்பக்க மறுநிகழ்வே (ஒரு விதி தன்னையே கொண்டு தொடங்குவது) எழுத முடியாது. ஃபங்ஷன் அழைப்பில் "பெயர் = மதிப்பு" என்று வரும் இடத்தை ஒரு டோக்கன் பார்வையில் பிரிக்க முடியாமல், இலக்கணத்தைத் தளர்த்தி எழுதிப் பின்னால் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இருந்த வலி உங்களுக்கு இல்லை. இன்னொரு பக்கம், ஜிசிசி கம்பைலர் 2004-ல் சி++ பார்சரையும் 2006-ல் சி பார்சரையும் பைசனிலிருந்து கையால் எழுதிய பார்சருக்கு மாற்றியதைக் காட்டி, ஜெனரேட்டரே வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். ரூபியும் 3.4-ல் அப்படித்தான் மாறியது. முழுநேர ஆட்கள் இருக்கும் பெரிய மொழிகளின் கதை அது. மோதல் எச்சரிக்கை உங்கள் கருவியின் குறையில்லை, விற்பனைச் சரக்கே அதுதான். அதைப் புரியும்படி சொல்லுங்கள், ஒழிக்க வேண்டாம்.

யூனிகோட் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், அது தோற்றத்தை விடக் கொஞ்சம் ஆழம். "கோடு" என்ற சொல்லை மாறியின் பெயராக வைத்துச் சோதியுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோட் குறிப்புள்ளிகள் நான்கு: க, ஓகாரக் குறி, ட, உகாரக் குறி. யுடிஎஃப்-8-ல் 12 பைட். உங்கள் லெக்சரில் "பெயர் என்பது எழுத்துகளின் தொடர்" என்று எழுதியிருக்கிறீர்கள். யூனிகோட் வகைப்பாட்டில் க, ட இரண்டு மட்டும்தான் "எழுத்து", ஓகாரக் குறியும் உகாரக் குறியும் "சேர்குறி". ஆகவே உங்கள் லெக்சர் க-வோடு பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்து, அடுத்த குறியைப் பார்த்துத் திகைத்து நிற்கும். பெயரின் தொடக்கத்துக்கும் தொடர்ச்சிக்கும் யூனிகோடே தனித்தனித் தொகுப்புகளை வரையறுத்திருக்கிறது, தொடர்ச்சிக்கான தொகுப்பில் சேர்குறிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துங்கள். அப்புறம், "கோ" என்பதைக் க + ஓகாரக் குறி என்றும் எழுதலாம், க + ஏகாரக் குறி + கால் என்றும் எழுதலாம். திரையில் ஒன்றேபோல் தெரியும், பைட்டுகள் வேறு. பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால், "கோடு என்ற மாறி இல்லை" என்று பயனரிடம் அவர் கண் முன்னே இருப்பதை மறுப்பீர்கள்.

பிழை எந்த நெடுவரிசையில் என்று சொல்வதும் இதோடு ஒட்டியதே. பைட்டா, குறிப்புள்ளியா, எழுத்தா? எடிட்டர்கள் பேசும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் யுடிஎஃப்-16 அலகில் எண்ணுவதை இயல்பாக வைத்திருக்கிறது, 3.17 பதிப்பிலிருந்து வேறு அலகைப் பேசி முடிவு செய்யலாம். உள்ளே பைட் தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே காட்டும்போது கேட்கும் அலகுக்கு மாற்றுங்கள். இது முழுக்க முடிக்கக்கூடிய வேலை, ஒரு வாரம் போதும்.

எடிட்டர் பார்சிங்குக்கு நான் முன்பே சொன்ன தள்ளுபடியோடு: எடுக்காதீர்கள். ட்ரீ-சிட்டர் என்ற கருவி அந்த இடத்தை நிரப்பிவிட்டது. அதற்கு அடியில் ஜிஎல்ஆரும், மாறாத பகுதிகளை மறுபடி பயன்படுத்தும் மரமும், பிழையான உள்ளீட்டிலும் மரம் தந்தே தீரும் பிடிவாதமும் இருக்கின்றன. அது உங்கள் கருவியின் நீட்சியாக வராது, வேறு கருவியாகத்தான் வரும். புது மொழி வெளியீடுகளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி: இலக்கணத்துக்குள் செயல்பாடுகளை (விதி பொருந்தும்போது ஓட வேண்டிய நிரல்) எந்த மொழியில் எழுதுகிறார்கள்? சி நிரல் நடுவில் கலந்திருக்கும் இலக்கணத்தைக் கோ-வில் வெளியிட முடியாது. ஆன்ட்லர் என்ற ஜெனரேட்டரின் 4-ம் பதிப்பு, இலக்கணத்திலிருந்து செயல்பாடுகளைப் பிரித்து, மரத்தை நடந்து பார்க்கும் வகுப்புகளை உருவாக்கித் தந்த பிறகுதான் ஒரே இலக்கணத்தைப் பல மொழிக்குக் கொடுப்பது அங்கே இயல்பானது. நீங்களும் அதை முதலில் செய்யுங்கள், அட்டவணையை ஜேசனாக வெளியே எழுதும் வசதியும் சேருங்கள். ரஸ்ட் வேண்டுபவர் ரஸ்ட் பக்கத்தை அவரே எழுதிக்கொள்வார். வேகப் புகாருக்கு அளவீடு எதுவும் இணைக்கப்படவில்லை, கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவையும் மாற்றும்போது பழையது உடையாமல் இருக்க ஒரு வழி எங்களுக்கு நன்றாக உழைத்தது. ஏர்லியின் அல்காரிதத்தில் எளிமையான பார்சர் ஒன்றைச் சோதனைகளுக்கு மட்டும் எழுதி வைத்தோம். அது மெதுவானது, ஆனால் எந்தச் சூழல்சாரா இலக்கணத்தையும் ஏற்கும், மோதல் என்ற பேச்சே அதற்கு இல்லை. இலக்கணத்திலிருந்து தற்போக்கில் வாக்கியங்களை உருவாக்கி, அவற்றில் டோக்கன்களை இடம் மாற்றிக் கெடுத்து, இரண்டு பார்சரும் ஒரே பதில் சொல்கின்றனவா என்று இரவு முழுக்க ஓட்டுவோம். முன்னுரிமை உள்ள இலக்கணங்களில் மரங்களை ஒப்பிட முடியாது, ஏற்பா மறுப்பா என்பதை மட்டும் ஒப்பிட்டோம். அதிலேயே எல்ஆர்(1) மாற்றத்தின்போது நான் நுழைத்த இரண்டு பிழைகள் சிக்கின.

ஒரு சின்ன விஷயம், யாரும் புகார் செய்யவில்லை என்றாலும்: உங்கள் கருவி உருவாக்கித் தரும் நிரலுக்கு என்ன உரிமம் என்று எங்கும் எழுதவில்லை. கருவி ஜிபிஎல் என்று மட்டும் இருக்கிறது. அதன் வார்ப்புரு நிரல் ஒவ்வொரு பயனரின் வெளியீட்டிலும் நகலாகிப் போகிறது, அதனால் தன் நிரலும் ஜிபிஎல் உரிமத்துக்குள் வந்துவிடுமோ என்ற சந்தேகம் அவருக்கு வரும். பைசன் இதே சிக்கலில் இருந்து, பிறகு வெளியீட்டுக்குத் தனி விதிவிலக்கு எழுதித்தான் தீர்த்தது. பத்து நிமிட வேலை.

அப்புறம், அந்த நிலை 87 ஆளுக்கு எடுத்துக்காட்டு வசதி வரும் வரை காத்திருக்காமல் இன்றைக்கே எழுதுங்கள்: "எல்ஸ் எந்த இஃபுக்கு என்பதில்தான் மோதல். கருவி உள்ளே இருக்கும் இஃபுக்குக் கொடுக்கிறது. உங்கள் மொழிக்கு அதுதான் வேண்டுமென்றால் இந்த எச்சரிக்கையை விட்டுவிடலாம்."